கரை சேர்ந்த கம்பியும் ஊர் சேராத செய்தியும்

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. மலேசிய நேரப்படி காலை 9 மணியை நெருங்கும் வேளையில் சுமத்ராவின் வடமேற்குக் கடலடியில் பெரும் நிலநடுக்கம் ஏற்பட்டது. பினாங்குத் தீவின் மேற்குக் கரையில் பாலேக் பூலாவ் வட்டாரத்தைச் சேர்ந்த பாசிர் பாஞ்சாங் கடற்கரையில் விடுமுறைக்கு வந்த குடும்பங்கள் குளித்துக் கொண்டிருந்தன. பிற்பகல் 1 மணியளவில் கடல் பொங்கி வந்தது. அந்த நாளில் மலேசியாவில் உயிரிழந்தவர்கள் 68 பேர். அவர்களில் 52 பேர் பினாங்கு மாநிலத்தில் மாண்டவர்கள்.

அதே நாள், அதே அலை. கடலின் மறுகரையில் புதுச்சேரிக்குத் தெற்கே நல்லவாடு என்றொரு மீனவர் கிராமம். நிலநடுக்கம் ஏற்பட்டு இரண்டரை மணி நேரத்துக்குள் அங்கே அலை வந்துவிட்டது. வீடுகள் இடிந்தன, படகுகள் சிதறின. ஆனால் 3,500க்கும் மேற்பட்ட மக்கள் வாழ்ந்த அந்த ஊரில் ஓர் உயிர்கூடப் போகவில்லை. சிங்கப்பூரில் வேலை பார்த்த அவ்வூர் இளைஞர் ஒருவர் செய்தியைக் கேள்விப்பட்டு ஊருக்குத் தொலைபேசியில் சொன்னார். ஊரில் இருந்த அறிவு மையத்தின் ஒலிபெருக்கி வழியே எச்சரிக்கை பறந்தது. மக்கள் கடற்கரையை விட்டு ஓடித் தப்பினர்.

இதில் சிந்திக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. பினாங்குக்குக் கிடைத்த அவகாசம் ஏறத்தாழ நான்கு மணி நேரம். நல்லவாடுக்குக் கிடைத்ததோ அதில் பாதிக்குச் சற்று மேல். தொடர்பு வசதியிலும் இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். உலகக் கண்டங்களை இணைக்கும் கடலடிக் கேபிள்கள் கரையேறும் இடம் பினாங்கு. நல்லவாடோ ஒரு தொலைபேசியும் ஒலிபெருக்கியும் கொண்ட மீனவர் குப்பம். பினாங்கில் அலை எழுந்தபோது தமிழகத்திலும் தாய்லாந்திலும் பேரழிவு நிகழ்ந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் கடந்திருந்தது. செய்தி உலகெங்கும் ஓடிக் கொண்டிருந்தது. ஆனால் கடற்கரையில் நின்றவர்களுக்கு அது போய்ச் சேரவில்லை.

எந்தத் தனிமனிதரையும் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. இந்தியப் பெருங்கடலுக்கென்று எச்சரிக்கை அமைப்பே அன்று இல்லை. மலேசியாவிலும் அதன் பிறகுதான் எச்சரிக்கை மையமும் கரையோரச் சங்குகளும் அமைக்கப்பட்டன. கேள்வி வேறு. ஓர் ஊருக்குக் கம்பி வந்து சேர்வதும் செய்தி வந்து சேர்வதும் ஒன்றுதானா? கிராமங்களுக்கு விரைவான இணையம் வேண்டும், அது வந்தால் கிராமம் பிழைத்துக்கொள்ளும் என்று கால் நூற்றாண்டாகப் பேசப்படுகிறது. பினாங்கின் பழைய வரலாறு இதற்கு ஒரு பாடம் வைத்திருக்கிறது.

மரத்தின் பால் கம்பியின் தோலானது

பினாங்கைத் தந்திக் கம்பி தொட்டது 1870ஆம் ஆண்டில். சென்னையிலிருந்து வங்கக் கடலின் அடியில் இழுத்து வரப்பட்ட கேபிள் பினாங்கில் கரையேறி, இங்கிருந்து சிங்கப்பூருக்குப் போனது. அதற்கு முந்தைய ஆண்டுதான் சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டிருந்தது. கப்பலில் வரும் கடிதத்துக்காக வாரக்கணக்கில் காத்திருந்த வணிகர்கள், லண்டனில் ஈயம் என்ன விலை, மிளகு என்ன விலை, சீனி என்ன விலை என்பதை ஓரிரு நாளிலேயே தெரிந்துகொள்ளத் தொடங்கினார்கள். ஜார்ஜ்டவுன் பீச் ஸ்ட்ரீட்டில் இருந்த ஏஜென்சி நிறுவனங்களுக்கும் வங்கிகளுக்கும் அது பெரிய வரப்பிரசாதம்.

அந்தக் கேபிள் எதனால் ஆனது? உள்ளே செம்புக் கம்பி. கடல்நீர் உள்ளே புகாமல் காப்பதற்கு அதன்மேல் ஓர் உறை. அந்த உறை கட்டாபெர்ச்சா என்னும் மரப்பாலால் ஆனது. மலாய்க்காரர்கள் கெத்தா தாபான் என்று அழைத்த அந்த மரம் மலாயா, சுமத்ரா, போர்னியோ காடுகளில் வளர்வது. காட்டுவாசிகள் அந்தப் பாலைக் கொண்டு கத்திப்பிடியும் கைத்தடியும் செய்து வந்தார்கள். 1840களில் சிங்கப்பூரில் இருந்த மான்ட்கமெரி என்ற ஸ்காட்லாந்து மருத்துவர் அதை லண்டனுக்கு அனுப்பி வைத்தார். வெந்நீரில் இளகி, குளிர்ந்ததும் இறுகி, கடல்நீரிலும் கெடாத பொருள் அது என்று கண்டுகொண்ட பொறியாளர்கள் அதைக் கேபிளுக்குப் பயன்படுத்தினார்கள். உலகக் கடல்களின் அடியில் ஓடிய தந்திக் கம்பிகளில் பெரும்பாலானவற்றுக்குத் தோல் இந்தக் காடுகளிலிருந்துதான் போனது.

ரப்பரைப் போல மரத்தைக் கீறிப் பால் எடுக்கும் முறை அதற்கு அன்று கையாளப்படவில்லை. மரத்தையே வெட்டிச் சாய்த்து, பட்டையில் வளையம் வளையமாகக் கீறிப் பால் எடுத்தார்கள். ஒரு மரத்துக்குக் கிடைத்ததும் மிகக் கொஞ்சமே. மரங்கள் லட்சக்கணக்கில் விழுந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டு முடிவதற்குள் பல வட்டாரங்களில் அந்த மரமே அரிதாகிவிட்டது.

காட்டில் அதைச் சேகரித்துக் கொடுத்தவர்களுக்குத் தாங்கள் விற்ற பால் எங்கே போகிறது, லண்டனில் அதற்கு என்ன விலை என்று தெரியாது. விலை தெரிந்த வணிகர் துறைமுகத்தில் இருந்தார். விலை தெரியாதவர் காட்டில் இருந்தார். வணிகருக்கு விலை சொல்லியதே அந்த மரப்பாலைப் போர்த்திக்கொண்டு வந்த கம்பிதான். உள்ளூர்ச் செல்வம் வெளியே போயிற்று. செய்தி ஊருக்குள் வரவில்லை. மரமும் போயிற்று.

கரும்புத் தோட்டமும் சாதிக்காயும்

பினாங்கின் எதிர்க்கரையில் அன்று வெல்லஸ்லி மாகாணம் என்று அழைக்கப்பட்ட செபராங் பிறையிலும் இதே கதைதான். 1840களிலிருந்து அங்கே பெரும் கரும்புத் தோட்டங்கள் உருவாயின. நாகப்பட்டினத்தில் கப்பலேறிய தமிழர்கள் ஒப்பந்தக் கூலிகளாக அங்கே வந்து இறங்கினார்கள். சதுப்பு நிலத்தில் வாய்க்கால் வெட்டியதும், கரும்பு நட்டதும், ஆலையில் சாறு காய்ச்சியதும் அவர்கள் கைகள். தந்தி வந்த பிறகு தோட்ட முதலாளிக்குச் சீனி விலை உடனுக்குடன் தெரிந்தது. கூலிக்கோ ஊரில் தாய் இறந்த செய்தி கடிதமாக வந்து சேரவே வாரங்கள் பிடித்தன.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கரும்பு போய் ரப்பர் வந்தது. பின்னர் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. பிறகு பல இடங்களில் செம்பனையும் போய்த் தொழிற்பேட்டையும் வீடமைப்பும் வந்தன. பத்து காவான் இதற்குச் சரியான எடுத்துக்காட்டு. ஒரு காலத்துக் கரும்பு மண்ணில் இன்று உலக நிறுவனங்களின் தொழிற்சாலைகள் நிற்கின்றன. 2014இல் திறக்கப்பட்ட இரண்டாவது பினாங்குப் பாலம் கரை சேர்வதும் அங்கேதான். ஒவ்வொரு மாற்றத்திலும் நிலத்துக்குப் புதிய பயிர் கிடைத்தது. அதில் உழைத்தவருக்கு நிலம் கிடைக்கவில்லை. தோட்டம் விற்கப்பட்டால் வேலை, வீடு, பள்ளி, கோயில் எல்லாம் ஒரே நாளில் கேள்விக்குறியாகும் நிலைமை தோட்டப்புறத் தமிழருக்குப் பரம்பரைப் பழக்கம்.

தீவின் பின்புறத்தில் இருக்கும் பாலேக் பூலாவின் கதை சற்று மாறுபட்டது. பெயரின் பொருளே தீவின் பின்புறம் என்பதுதான். ஜார்ஜ்டவுனுக்கும் அதற்கும் நடுவே மலை. அங்கே சிறு தோட்டக்காரர்கள் இருந்தார்கள். கிழக்கிந்தியக் கம்பெனி மலுக்குத் தீவுகளிலிருந்து சாதிக்காய், கிராம்புக் கன்றுகளைக் கொண்டுவந்து பினாங்கில் நட்டது 1800ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில். சாதிக்காய் மரத்தில் பணம் காய்க்கும் என்று நம்பிப் பெரிய முதலாளிகள் இறங்கினார்கள். 1860 வாக்கில் நோய் தாக்கி மரங்கள் பட்டுப்போயின. முதலாளிகள் வேறு பயிருக்குப் போய்விட்டார்கள். ஆனால் சாதிக்காய் பினாங்கை விட்டுப் போகவில்லை. பாலேக் பூலாவின் சிறு தோட்டங்களில் கிராம்பு, டுரியான் மரங்களோடு அதுவும் நின்றுகொண்டது.

காயின் சதையை ஊறுகாயாகவும் இனிப்பாகவும் போட்டார்கள். சாறு பிழிந்தார்கள். கொட்டையிலிருந்து தைலம் எடுத்தார்கள். இன்றும் பினாங்குக்கு வரும் பயணிகள் சாதிக்காய்ப் பண்டங்களை வாங்கிப் போகிறார்கள். பெரிய மூலதனம் கைவிட்ட பயிரை ஊர்க்காரர்கள் தங்கள் கைப்பக்குவத்தால் காப்பாற்றினார்கள். மண்ணும் மரமும் அவர்கள் கையில் இருந்ததால் அது முடிந்தது. உள்ளூர்ச் செல்வம் என்பது இதைத்தான். விளைபொருளோடு அதைப் பக்குவப்படுத்தத் தெரிந்த கையும், பரம்பரை அறிவும், ஒன்றுகூடும் வழக்கமும் அதில் அடங்கும்.

வில்லியனூரில் நடந்த சோதனை

இணையம் வந்த காலத்துக்கு வருவோம். 1998இல் புதுச்சேரி அருகே வில்லியனூரை மையமாகக் கொண்டு எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் ஒரு சோதனையைத் தொடங்கியது. கனடாவின் பன்னாட்டு வளர்ச்சி ஆய்வு மையம் பண உதவி செய்தது. அப்போது கிராமங்களில் தொலைபேசியே சரியாகக் கிடைக்காது. மின்சாரம் எப்போது வரும், எப்போது போகும் என்று சொல்ல முடியாது. ஆகவே வில்லியனூரில் மட்டும் இணைய இணைப்பை வைத்துக்கொண்டு, அங்கிருந்து சுற்றுக் கிராமங்களுக்கு வானொலி அலை வழியே செய்தி அனுப்பினார்கள். மின்வெட்டைச் சமாளிக்கச் சூரிய ஒளித் தகடுகள் வைத்தார்கள்.

தொழில்நுட்பத்தைவிட அவர்கள் கடைப்பிடித்த முறைதான் முக்கியமானது. கணினியைக் கொண்டுபோய் இறக்குவதற்கு முன்பாகவே, மக்களுக்கு என்ன செய்தி தேவை, இப்போது அதை யாரிடம் கேட்டுத் தெரிந்துகொள்கிறார்கள் என்று கணக்கெடுத்தார்கள். கடைக்காரர், தரகர், சந்தை, அக்கம்பக்கத்தார் என்று பதில் வந்தது. அதாவது விலையைச் சொல்பவரே விலைக்கு வாங்குபவராகவும் இருந்தார்! மரப்பால் சேகரித்த காட்டுவாசியின் நிலைமைதான் நூறு ஆண்டு கழித்தும்.

மையம் வேண்டும் என்று கேட்கும் ஊர் அதற்கான இடத்தை இலவசமாகத் தரவேண்டும். அது எல்லாச் சாதியினரும் வந்து போகக்கூடிய பொது இடமாக இருக்கவேண்டும். மையத்தை நடத்துவோர் அவ்வூர்க்காரர்களாக இருக்கவேண்டும். இவை நிபந்தனைகள். நடத்தியவர்களில் பெரும்பாலோர் பெண்கள். ஏம்பலத்தில் மையம் கோயில் வளாகத்திலேயே அமைந்தது. செய்தி முழுவதும் தமிழில். நெல் விலை, உர விலை, அரசாங்க உதவித் திட்டங்கள், மருத்துவர் வரும் நாள், பேருந்து நேரம் எல்லாம் கிடைத்தன. ‘நம்ம ஊரு செய்தி’ என்று ஒரு சிறு இதழையும் அச்சிட்டு ஊர்களுக்குக் கொடுத்தார்கள்.

வீராம்பட்டினம் மீனவர்கள் கேட்டது நெல் விலையை அல்ல. நாளைக்குக் கடல் எப்படி இருக்கும் என்பதுதான் அவர்கள் கேள்வி. அமெரிக்கக் கடற்படை தன் இணையத் தளத்தில் வெளியிட்ட அலை உயரக் கணிப்பு வில்லியனூரில் இறக்கப்பட்டு, தமிழாக்கப்பட்டு, வீராம்பட்டினத்துக்கு அனுப்பப்பட்டது. கடற்கரையில் ஒலிபெருக்கி அதை அறிவித்தது. இணையம் என்ற சொல்லையே கேட்டிராத முதியவரும் அதைக் கேட்டுவிட்டு இன்று கடலுக்குப் போவதா வேண்டாமா என்று முடிவு செய்தார். 2001இல் இத்திட்டத்துக்கு ஸ்டாக்ஹோம் சேலஞ்ச் விருது கிடைத்தது.

நல்லவாடின் ஒலிபெருக்கி இந்த வரிசையில் வந்ததுதான். அது சுனாமிக்காக வைக்கப்பட்டதன்று. அன்றாடம் மீன் விலையும் அலை உயரமும் சொல்லிப் பழகிய குரல் அது. அதனால்தான் ஆபத்து வேளையில் அது ‘ஓடுங்கள்’ என்றதும் மக்கள் ஓடினார்கள். அயலூரில் இருந்து கவலைப்பட்ட ஒரு பிள்ளை, செய்தியை வாங்க ஊரில் ஓர் ஆள், எல்லார் காதிலும் போட ஒரு கருவி, அதை நம்பும் மக்கள் என நான்கும் சேர்ந்ததால் உயிர்கள் பிழைத்தன. பினாங்கின் கடற்கரையில் அன்று இல்லாமல் போனது இந்தக் கடைசிச் சில நூறு அடித் தொடர்புதான்.

மலைமேல் ஒரு நெல் கிராமம்

மலேசியாவிலும் இதற்கு இணையான முயற்சி ஒன்று நடந்தது. சரவாக்கின் வடகிழக்கு மூலையில், இந்தோனேசிய எல்லையை ஒட்டி, கடல் மட்டத்திலிருந்து 1,000 மீட்டர் உயரத்தில் பாரியோ இருக்கிறது. கெலாபிட் மக்கள் வாழும் இடம். மீரியிலிருந்து சிறு விமானத்தில் ஏறத்தாழ ஒரு மணி நேரம். அன்று சாலை இல்லை, மின்கம்பி இல்லை, தொலைபேசிக் கம்பியும் இல்லை. ஊரில் ஏறத்தாழ ஆயிரம் பேர். படித்த இளைஞர்கள் மீரிக்கும் கூச்சிங்குக்கும் போய்விட, மலையில் இருப்பவர்களைவிட நகரங்களில் இருக்கும் கெலாபிட்டுகளே அதிகம் என்றாகிவிட்டது.

சரவாக் மலேசியப் பல்கலைக்கழகம் 1998இல் அங்கே ஆய்வைத் தொடங்கியது. இ-பாரியோ என்று பெயர். அதில் ஈடுபட்டவர்களுள் போலின் பாலா என்ற மானிடவியல் அறிஞர் கெலாபிட் இனத்தைச் சேர்ந்தவர். அங்கேயும் முதல் வேலை ஊர்ப் பெரியவர்களோடு உட்கார்ந்து பேசியதுதான். உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டார்கள். பிறகுதான் துணைக்கோளத் தட்டும், கணினிகளும், பொதுத் தொலைபேசிகளும் வந்தன. சூரிய ஒளியும் ஜெனரேட்டரும் மின்சாரம் தந்தன. கருவியைப் பராமரிக்க ஊர் இளைஞர்கள் பயிற்சி பெற்றார்கள். 2001இல் உலகின் சிறந்த ஏழு அறிவார்ந்த சமூகங்கள் என்று ஓர் அனைத்துலக அமைப்பு வெளியிட்ட பட்டியலில் பெரிய நகரங்களோடு பாரியோவும் இடம் பெற்றது.

பாரியோவிடம் இணையம் வருவதற்கு முன்பே ஒரு செல்வம் இருந்தது. பாரியோ அரிசி! சிறு மணி, மென்மை, நறுமணம். குளிர்ந்த மலைநீர் பாயும் வயலில் நீண்ட நாள் விளைவது. இணையம் அந்த அரிசியை உண்டாக்கவில்லை. ஆனால் அதன் பெயரையும் அதை விளைவிப்பவர்களையும் வெளியுலகம் அறிய உதவியது. பின்னர் அந்த அரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. மலையேறிப் பார்க்க விரும்பும் பயணிகள் மின்னஞ்சலில் முன்பதிவு செய்து, ஊர் வீடுகளில் தங்கிப் போனார்கள். நகரத்தில் இருக்கும் பிள்ளையோடு தாய் பேச முடிந்தது.

ஆனாலும் ஒன்றை மறைக்கக்கூடாது. இ-பாரியோ வந்ததும் இளைஞர்கள் எல்லாரும் மலைக்குத் திரும்பிவிடவில்லை. வயல் வேலைக்கு ஆள் பற்றாக்குறை நீங்கவில்லை. கிராமத்தை விட்டுப் போகிறவர்களை இணையம் தடுத்து நிறுத்தும் என்பது அதிகப்படியான நம்பிக்கை. போனவர்களுக்கும் இருப்பவர்களுக்கும் நடுவே உறவு அறுந்து போகாமல் அது காக்கும். வயலையும் வீட்டையும் நம்பி இருப்பவர்க்கு ஓரளவு வருமானத்தைக் கூட்டும். அதுவே சிறிய காரியமன்று.

மூடிய கதவுகள் சொல்லும் பாடம்

வெற்றிக் கதைகளை மட்டும் சொன்னால் வரலாறு ஆகாது. மதுரை மாவட்டம் மேலூர் வட்டாரத்தில் 2001இல் சென்னை ஐ.ஐ.டி.யின் கம்பியில்லாத் தொழில்நுட்பத்தைக் கொண்டு கிராம இணையக் கூடங்கள் திறக்கப்பட்டன. கண் பரிசோதனைக்கு அரவிந்த் கண் மருத்துவமனையோடு கணினி வழித் தொடர்பு என்று நல்ல சேவைகளும் இருந்தன. ஆயினும் கட்டணம் வாங்கி இலாபத்தில் நடக்க வேண்டிய தொழிலாக அவை அமைந்ததால், வருமானம் போதாமல் பல கூடங்கள் சில ஆண்டுகளிலேயே மூடப்பட்டன.

மலேசியாவில் 2000ஆம் ஆண்டில் சிற்றூர் அஞ்சல் நிலையங்களில் கிராம இணைய மையங்கள் தொடங்கப்பட்டன. 1998ஆம் ஆண்டுத் தொடர்புத்துறைச் சட்டத்தின்கீழ், தொலைத்தொடர்பு நிறுவனங்கள் தங்கள் வருவாயில் 6 விழுக்காட்டை ஊரகச் சேவை நிதிக்குச் செலுத்தவேண்டும் என்ற ஏற்பாடும் உண்டு. மையங்களின் பெயர் பலமுறை மாறியது. 2024இல் நாடி என்று புதுப்பெயர் பெற்ற அவை இப்போது நாடெங்கும் 900க்கும் மேல். ஆயினும் 2020இல் கோவிட் முடக்கத்தின்போது சபாவின் பித்தாஸ் வட்டாரத்தில் ஒரு மாணவி தேர்வெழுத இணையம் கிடைக்காமல் மரத்தின்மேல் ஏறி உட்கார்ந்த செய்தி நாட்டையே உலுக்கியது. அதே ஆண்டில்தான் ஜெண்டேலா என்ற தேசிய இணைப்புத் திட்டம் அறிவிக்கப்பட்டது.

கைப்பேசி வந்த பிறகு கணினி மையத்துக்கு நடந்து போக வேண்டிய தேவை பெரிதும் குறைந்துவிட்டது. இன்று பார்ப்பதற்கும் கேட்பதற்கும் யாருக்கும் தடையில்லை. ஆனால் கையில் இணையம் இருப்பவர்கள் அதில் பெரும்பாலும் வாங்குகிறார்கள், பார்க்கிறார்கள். விற்பவர்களும் சொல்பவர்களும் குறைவு. 1870இல் கம்பி துறைமுகத்தோடு நின்றது. இன்று கம்பி கைக்கு வந்துவிட்டது. கிராமத்திலிருந்து என்ன வெளியே போகிறது, அதற்கான விலை யாரிடம் சேர்கிறது என்ற கேள்வி மட்டும் மாறவில்லை.

பினாங்கின் பின்புறம்

1997இல் ஐரோப்பாவையும் ஆசியாவையும் இணைத்த ஃபிளாக் கேபிள் பினாங்கில் கரையேறியது. ஆப்பிரிக்காவிலிருந்து கொச்சி வழியாக வந்து 2002இல் இயங்கத் தொடங்கிய சேஃப் கேபிளும் பினாங்கில்தான் முடிகிறது. ஜார்ஜ்டவுன் 2008இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் மலாக்காவோடு சேர்ந்து இடம் பெற்றது. பயணிகள் குவிகிறார்கள். மலையைத் தாண்டிப் பாலேக் பூலாவுக்குப் போகிறவர்கள் அவர்களில் ஒரு பகுதியினர் மட்டுமே.

அங்கே மாற்றம் தொடங்காமல் இல்லை. டுரியான் பருவம் வருமுன்பே தோட்டக்காரர்கள் கைப்பேசியில் முன்பதிவு வாங்குகிறார்கள். தோட்டத்துக்கே வந்து மரத்தடியில் பழம் சாப்பிடும் பயணிகளும் உண்டு. தரகரிடம் கூடையோடு கொடுத்துவிட்டுக் கொடுத்த காசை வாங்கிய காலத்தோடு ஒப்பிட்டால் இது பெரிய முன்னேற்றம். கூடவே ஓர் ஆபத்தும் இருக்கிறது. ஊரின் பெயர் பிரபலமானால் நிலத்தின் விலை ஏறும். பழத்தில் கிடைப்பதைவிட நிலத்தை விற்றால் அதிகம் கிடைக்கும் என்ற நிலை வரும்போது, மரம் இருக்குமா? கட்டாபெர்ச்சா மரத்துக்கு வந்த கதி சாதிக்காய்க்கும் வரக்கூடாது.

நிலமே இல்லாத தோட்டப்புறத் தமிழருக்கு உள்ளூர்ச் செல்வம் என்று என்ன இருக்கிறது? நியாயமான கேள்வி. ஈப்போவின் புந்தோங்கில் இதற்கு ஒரு விடை கிடைக்கிறது. தமிழ்க் குடும்பங்கள் முறுக்கும் வறுத்த கடலையும் கலவை வகைகளும் செய்து விற்கும் அந்த வட்டாரம் கச்சாங் பூத்தே கம்பம் என்றே நாடெங்கும் பெயர் பெற்றுவிட்டது. கையிலிருந்த பக்குவமே அவர்களுக்கு முதல். பல குடும்பங்கள் ஒரே இடத்தில் ஒரே தொழிலைச் செய்ததால் இடத்துக்கே பெயர் வந்தது. பெயர் இருந்தால் அதை இணையம் சுமந்து போகும். பெயரில்லாப் பண்டம் இணையத்தில் போட்டாலும் கூட்டத்தில் காணாமல்தான் போகும்.

பினாங்கு மாநிலத்தில் 28 தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. அவற்றில் பல, தோட்டங்களில் பிறந்தவை. தோட்டம் மறைந்த பின்னும் பள்ளியும் கோயிலும் நிற்கும் இடங்கள் உண்டு. சிதறிப்போன குடும்பங்கள் திருவிழாவுக்கும் பள்ளி விழாவுக்கும் அங்கே திரும்பி வருகின்றன. ஏம்பலத்தில் கோயில் வளாகம் எப்படி அறிவு மையம் ஆனதோ, அப்படியே ஒரு பள்ளியோ கோயில் மண்டபமோ ஊரின் கூடும் இடமாக முடியும். மாலையில் ஓர் ஆசிரியரோ, படித்துவிட்டு வேலை தேடும் இளைஞரோ அங்கே உட்கார்ந்து, முறுக்குச் சுடும் அம்மாவின் பண்டத்துக்கு உரிமமும் பொட்டலமும் விலைப்பட்டியலும் செய்து கொடுக்கலாம். முதியவர்களின் தோட்டத்து நினைவுகளைப் பதிவு செய்யலாம். எந்த உதவித் திட்டத்துக்கு எப்போது விண்ணப்பிக்க வேண்டும் என்று தமிழில் சொல்லலாம். மழைவெள்ள எச்சரிக்கையை வீடு வீடாகச் சேர்க்கலாம். கருவிகள் இன்று மலிவு. கிடைப்பதற்கு அரிதாக இருப்பது அந்த ஓர் ஆள்தான்.

மொழியும் ஒரு செல்வம். கணினியில் தமிழ் ஏறுவதற்கு மலேசியத் தமிழர்களின் பங்கு சிறியதன்று. முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சல் உலகெங்கும் தமிழர்களின் மேசைகளில் இருந்தது. 2001இல் தமிழ் இணைய மாநாடு கோலாலம்பூரில் கூடியது. தமிழில் எழுதவும் படிக்கவும் முடிந்ததால்தான் வில்லியனூரின் செய்தி கிராமத்துப் பெண்களுக்குப் போய்ச் சேர்ந்தது.

1970இல் மலேசியரில் நான்கில் ஒரு பங்கினருக்குச் சற்றுக் கூடுதலானோரே நகர்ப்புறத்தில் வாழ்ந்தனர். 2020 குடிக்கணக்கில் அது நான்கில் மூன்று பங்காகிவிட்டது. மிச்சம் இருக்கும் கிராமங்களுக்கு விரைவான இணையம் கட்டாயம் வேண்டும். அது சலுகையன்று, உரிமை. ஆனால் கோபுரம் எழுந்த நாளோடு வேலை முடிந்ததாக ஊர் நினைத்துவிடக்கூடாது. எங்களிடம் என்ன இருக்கிறது, அதை யார் வெளியே சொல்வார்கள், வெளியிலிருந்து வருவதை யார் எல்லார் காதிலும் போடுவார்கள், கிடைக்கும் காசு யார் வீட்டில் தங்கும் என்ற கேள்விகளுக்கு ஊர் கூடி விடை சொல்லவேண்டும். வில்லியனூரிலும் பாரியோவிலும் கணினி வந்து இறங்குவதற்கு முன்பே இப்படி உட்கார்ந்து பேசினார்கள். பினாங்கின் ஊர்களில் இணைப்பு முன்னதாகவே வந்துவிட்டது. பேச்சை இனியாவது தொடங்கலாம்.